அன்னிய நாணயமும் மலைநாட்டுப் பிரயாணியும்

கொல்லிமலையின் 14 நாடுகளுள் ஒன்றாகிய குண்டூர் நாட்டில் மிளகுக்கொடி வளர்த்து ஜீவிக்கும் குடியானவனுக்கு, விலை என்னும் விஷயத்தில் நாம் புதிதாகப் போதிக்கத்தக்கது அதிகமில்லை. வியாபாரி வாயால் சொல்லும் விலை வேறு, கையில் வந்து சேரும் பணம் வேறு என்பதை அவன் நன்கு அறிவான். ஈரத்திற்கு இவ்வளவு, தூசிக்கு இவ்வளவு, வண்டிக்கூலிக்கு இவ்வளவு என்று கழிவுகள் ஒவ்வொன்றாய்ப் புறப்படுவதைக் கண்டு கண்டு அவன் தெளிந்திருக்கிறான். ஆதலால் கிலோவுக்கு என்ன விலை என்று கேட்பதோடு அவன் நிற்பதில்லை. கழிவெல்லாம் போக மூட்டைக்கு மொத்தம் என்ன தருவீர் என்று கேட்கிறான். ஒருவரைக் கேட்டபின் மற்றொருவரையும் கேட்கிறான். இதே குடியானவனுடைய மகன் படித்துப் பட்டம் பெற்று, சீமைக்கோ சிங்கப்பூருக்கோ புறப்படும்போது, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா டாலருக்குச் சொல்லும் விலையை மறுவார்த்தையின்றி ஏற்றுப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறான். தகப்பனுக்குள்ள சாமர்த்தியம் மகனிடத்தில் எங்கே போயிற்று என்பதே நாம் இன்று ஆராயப் புகும் விஷயம்.

கொல்லிமலைக்கும் டாலருக்கும் என்ன சம்பந்தம் என்று நகரவாசிகளான நண்பர் சிலர் நகைக்கக் கூடும். அவர்களுக்கு ஒரு வார்த்தை. கொல்லிமலையின் பூர்வ குடிகளாகிய மலையாளி மக்கள் (கேரளத்தாரைக் குறிப்பிடவில்லை, மலையை ஆளும் குடிகள் என்ற பொருளில் அப்பெயர் பூண்ட நம்மவர்களையே குறிப்பிடுகிறோம்) பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தவர்கள். பழங்குடி மாணவர்கள் அயல்நாட்டுச் சர்வகலாசாலைகளில் மேற்படிப்புப் படிக்க மத்திய சர்க்கார் ஆண்டொன்றுக்கு 20 பேருக்கு உபகாரச் சம்பளம் வழங்குகிறது. ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கென்று தமிழ்நாட்டு சர்க்காரும் அண்ணல் அம்பேத்கர் பெயரால் அயலக உயர்கல்வித் திட்டமொன்றை நடத்தி வருகிறது. இது தவிர, அதே நாமக்கல் ஜில்லாவின் திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் யந்திரங்களோடு ஆப்பிரிக்கா வரை சென்று வேலை செய்து வருகிறவர்களும் உண்டு. காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளில் ஏறும் மலைப்பாதை, இறங்கும்போது திருச்சி விமான நிலையத்திற்கும் வழிதான். மலையிலிருந்து முதன்முதலாக வெளிதேசம் போகிறவனுக்கு யோசனை சொல்லத் தமையனோ மாமனோ அங்கே முன்சென்றவராய் இருப்பது அரிது. பட்டணத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு ஆயிரம் ரூபாய் நஷ்டம் ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவு. இவனுக்கோ அது வீட்டார் பல நாள் பாடுபட்டுச் சேர்த்த பணம்.

முதலாவதாகத் தெளிய வேண்டியது ஒன்றுண்டு. நாணயம் மாற்றுதல் என்று நாம் சொல்லுவது உண்மையில் நாணயம் வாங்குதலே. டாலரும் பவுனும் சரக்குகள். மிளகைப் போலவே அவற்றிற்கும் வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று. இவ்விரண்டிற்கும் நடுவே பாங்கிகள் தம்முள் பெருந்தொகைகளைக் கைமாற்றிக் கொள்ளும் சந்தை விலை இருக்கிறது. சராப்புக்கடைக்காரர் சந்தை விலைக்கு மேல் வைத்து நமக்கு விற்கிறார். நாம் மீதியைத் திருப்பிக் கொண்டுவந்தால் அதற்குக் கீழ் வைத்து வாங்குகிறார். இந்த வித்தியாசத்தையே நம் முன்னோர் ‘வட்டம்’ என்றார்கள். சராப்புக்காரர் ஊதியமின்றித் தொழில் நடத்த முடியாதாகையால், வட்டம் இருப்பது குற்றமன்று. வட்டத்தை விலைக்குள் ஒளித்து வைத்துவிட்டு, ‘கமிஷன் கிடையாது’ என்று பெரிய எழுத்தில் பலகை மாட்டுவதே நாம் ஆட்சேபிக்கும் காரியம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுலபமாயிருக்கும் பொருட்டு, சந்தையில் டாலர் 90 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். முதற் கடைக்காரர் கமிஷன் இல்லை என்று பலகை போட்டு, டாலரை 93 ரூபாய் 60 பைசாவுக்கு விற்கிறார். இரண்டாவது கடைக்காரர் 91 ரூபாய்க்கு விற்று, கட்டணமாக 200 ரூபாய் கேட்கிறார். கட்டணம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் வாலிபன் இரண்டாவது கடையை விட்டு முதற் கடைக்கு ஓடுகிறான். 500 டாலர் வாங்கினால் முதற் கடையில் 46,800 ரூபாய். இரண்டாவதில் கட்டணமும் சேர்த்து 45,700 ரூபாய். ஓடியதற்குக் கூலி 1,100 ரூபாய்! பிரயாணம் முடிந்து 100 டாலரை மீதியாகக் கொண்டுவந்து, அதே கடைக்காரரிடம் 86 ரூபாய் 50 பைசாவுக்கு விற்றானாகில் அங்கே இன்னுமொரு 710 ரூபாய் போயிற்று. இரண்டு முறையும் ரசீதில் கமிஷன் என்ற இடத்தில் பூஜ்யமே காணப்படும்.

சர்க்கார் வரியே இந்நஷ்டத்திற்குக் காரணமென்று சிலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. ஜி.எஸ்.டி. வரி மாற்றும் தொகை முழுவதன்மேலும் விழுவதில்லை. கடைக்காரர்கள் கைக்கொள்ளத்தக்க முறைகளுள் ஒன்றின்படி, 1 லட்சம் ரூபாய் வரையில் நூற்றில் ஒரு பங்கைச் சேவையின் மதிப்பாகக் கொண்டு, அதன்மேல் 18 சதவீதம் வரி கணக்கிடப்படுகிறது. 1 லட்சம் ரூபாய்க்கு வரி 180 ரூபாய். ரசீதில் தெரிகிற 180 ரூபாயைக் கண்டு முணுமுணுத்துவிட்டு, தெரியாத 4,000 ரூபாயை மௌனமாகக் கொடுத்துவிட்டு வருவது நம்மவர்களின் விசித்திரமான சுபாவம்.

இந்த சுபாவம் நமக்கு ஆதியில் இருந்ததன்று. மேற்குக்கரைத் துறைமுகங்களிலிருந்து ரோமாபுரிக்கு மிளகு சென்ற காலத்தில் அதற்கு ஈடாக வந்த காசுகள் கொங்கு நாட்டில் பல இடங்களில் புதையல்களாக அகப்பட்டிருக்கின்றன. கோயமுத்தூரை அடுத்த வெள்ளலூரில் கிடைத்த வெள்ளிக் காசுகளுள் பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்னும் சக்கரவர்த்திகளின் முத்திரை பெற்றவை. கி.பி. 64ஆம் ஆண்டில் நீரோ தன் வெள்ளிக் காசின் எடையையும் மாற்றையும் குறைத்தான். அதற்குப் பிற்பட்ட காசுகள் இங்கே குறைவாகவே காணப்படுகின்றன. பழைய முழு எடைக் காசுகளையே நம் வியாபாரிகள் விரும்பி வாங்கியது இதற்குக் காரணமாகலாம் என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. சக்கரவர்த்தியின் தலை பொறித்திருக்கிறது என்பதற்காக அவர்கள் ஒரு காசை ஏற்றுக்கொள்ளவில்லை. உரைத்தும் நிறுத்தும் பார்த்தார்கள். வண்ணக்கர் என்று நாணயம் பரிசோதிப்பவர்களுக்குத் தனிப்பெயரே இருந்த தேசம் இது.

பிற்காலத்திலும் இவ்வித்தை நம்மை விட்டு நீங்கவில்லை. சிங்கப்பூரில் ராபிள்ஸ் பிளேஸை அடுத்த சேஞ்ச் ஆலியிலும், பினாங்கிலும் நாணயமாற்றுத் தொழிலை நடத்திப் பெயர் பெற்றவர்களுள் தமிழ் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். பல தேசத்து மாலுமிகளுடைய நோட்டுகளை விரல் நுனியால் தடவிப் பார்த்தே விலை சொன்னவர்கள் நம்மவர்கள். பிறர் நாணயத்தை மதிப்பிடத் தெரிந்த சாதிதான், தன் பணத்தைக் கொடுத்து வாங்கும்போது வாய் மூடி நிற்கிறது.

இதற்கு நம் அபிப்பிராயத்தில் காரணம் இரண்டு. ஒன்று அன்னிய ஆட்சி விட்டுப் போனது; மற்றொன்று நாமே ஏற்படுத்திக் கொண்டது.

1926ஆம் வருஷத்தில் ஹில்டன் யங் கமிஷன் ரூபாயின் மதிப்பை 1 ஷில்லிங் 6 பென்ஸாக நிர்ணயிக்கச் சிபாரிசு செய்தது. ஸர் புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ் 1 ஷில்லிங் 4 பென்ஸே தகுமென்று தனிக்குறிப்பு எழுதினார். 1927இல் சட்டம் கமிஷன் சொன்னபடியே நிறைவேறிற்று. 2 பென்ஸ் வித்தியாசம் சொற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பவுனுக்கு 15 ரூபாய் கிடைக்க வேண்டிய இடத்தில் 13 ரூபாய் 5 அணா 4 பைதான் கிடைத்தது. லண்டனில் பாரிஸ்டர் பரீட்சைக்குப் படிக்கச் சென்ற செல்வப் பிள்ளைகளுக்கு இது லாபம். விளைபொருளைக் கப்பலேற்றிப் பவுனில் விலை பெற்ற தேசத்தின் குடியானவனுக்கு நஷ்டம். அவன் வயலில் இருந்தபடியே, யாதொரு ரசீதும் இல்லாமல், ஒவ்வொரு பவுனிலும் ஒன்றரை ரூபாய்க்கு மேல் இழந்தான். செலாவணி விகிதம் என்பது தனக்கு எட்டாத இடத்தில், தன்னைக் கேளாமல், பெரியவர்கள் தீர்மானிக்கும் காரியம் என்ற எண்ணம் ஜனங்களுடைய மனத்தில் ஊறிப் போனதற்கு இத்தகைய அனுபவங்களே வித்து.

சுதந்திரம் வந்தபின் அன்னியச் செலாவணி தட்டுப்பட்டது, கட்டுப்பாடுகள் கடுமையாயின. 1970களில் சொந்த அலுவலாக வெளிநாடு சென்றவர் 8 டாலரை மட்டும் எடுத்துக்கொண்டு விமானமேறிய கதையை இன்றும் முதியோர் சொல்லக் கேட்கலாம். 1973ஆம் வருஷச் சட்டத்தின்கீழ் செலாவணிக் குற்றத்திற்குச் சிறைத் தண்டனையும் உண்டு. அக்காலத்தில் டாலர் கிடைத்ததே தெய்வாதீனம். அதற்கு விலை பேசுவது எங்ஙனம்? ஆனால் 1993இல் ரூபாயின் விகிதம் சந்தையினால் நிர்ணயமாகத் தொடங்கிற்று. 1999இல் இயற்றப்பட்டு 2000ஆம் வருஷம் ஜூன் முதல் தேதி அமுலுக்கு வந்த புதிய சட்டம் பழைய சட்டத்தை அகற்றியது. 2015 முதல் ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அயல்நாட்டுச் செலவுக்குப் பெற அனுமதியுண்டு. சட்டம் மாறிவிட்டது, நம் மனோபாவம் மாறவில்லை. செலாவணிக் கடையின் முன்னே நாம் இன்னும் மனுதாரர்களைப் போல நிற்கிறோம். நாம் மனுதாரர்களல்லர், வாடிக்கைக்காரர்கள். சரக்கு பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போக நமக்குப் பூரண உரிமை உண்டு.

இனி, காரியத்தில் செய்யத்தக்கது என்ன? புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பாகவே, அன்னிய நாணயத்தின் ஆதார விலை அன்றைக்கு என்னவென்று பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். டாலர், பவுன், யூரோ, யென் ஆகியவற்றிற்கு இவ்விலை வேலை நாள்தோறும் பிரசுரமாகிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, சேலத்திலோ திருச்சியிலோ அனுமதி பெற்ற கடைகள் இரண்டையும் தம்முடைய பாங்கியையும் ஒரே நாளில், ஒரே கேள்வியாகக் கேட்க வேண்டும்: 500 டாலர் என் கைக்கு வர, எல்லாம் சேர்த்து நான் தர வேண்டிய ரூபாய் எவ்வளவு? மிளகு மூட்டைக்குத் தகப்பன் கேட்கும் கேள்வியும் இதுவேயன்றோ? விமான நிலையத்துக் கடையை அவசரத்திற்கு மட்டும் வைத்துக்கொள்வது நலம். கடைசி நேரத்தில் வருகிறவனுக்கு வேறு போக்கில்லை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்; விலையும் அதற்கேற்பவே இருக்கும்.

ரொக்கமாக அன்னிய நோட்டுகளை ஒரு பிரயாணத்திற்குப் பொதுவாக 3,000 டாலர் மதிப்பு வரையில்தான் பெறலாம். மிகுதியை அட்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அதற்கென்றுள்ள பிரயாண அட்டையில் பணம் ஏற்றும் அன்றைய விலையே நிலைத்துவிடுவதால், பின்னால் ரூபாய் சரிந்தாலும் கவலையில்லை. ஆனால் டாலர் ஏற்றிய அட்டையைக் கொண்டு தாய்லாந்தில் செலவு செய்தால் இரண்டாம் முறையாக வட்டம் பிடிப்பார்கள் என்பதை மறக்கலாகாது. சாதாரணக் கடன் அட்டைகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு நூற்றுக்கு மூன்றரை வரையில் மேற்கட்டணம் உண்டு. வரியும் சேர்ந்தால் நாலுக்கு மேல் ஆகிவிடும். மேற்கட்டணமே இல்லாத அட்டைகளையும் சில பாங்கிகள் தருகின்றன. விசாரியாதவனுக்கு அவை கிடைப்பதில்லை.

இவையெல்லாவற்றிலும் நயவஞ்சகமானது ஒன்றிருக்கிறது. அயல்நாட்டுக் கடையில் அட்டையை நீட்டினால், ‘உமது சொந்த நாணயமாகிய ரூபாயிலேயே செலுத்துகிறீரா?’ என்று யந்திரம் வெகு உபசாரமாய்க் கேட்கும். தேசாபிமானம் மிகுந்த நம் வாலிபன் ரூபாய் என்ற சொல்லைக் கண்டதும் மகிழ்ந்து சம்மதித்துவிடுவான். அங்கேதான் அவன் அகப்பட்டுக் கொள்கிறான். ரூபாயாக மாற்றும் விலையை அந்தக் கடையின் தரகர் தம் இஷ்டப்படி வைப்பதால், நூற்றுக்கு நாலைந்து ரூபாயும், சில வேளை அதற்கு மேலும் போகும். போதாக்குறைக்கு நம் நாட்டுப் பாங்கிகளுள் சில இதன்மேல் தனிக் கட்டணமும் விதிக்கின்றன. சிங்கப்பூரில் சிங்கப்பூர் டாலரிலும், லண்டனில் பவுனிலும் செலுத்துவதே புத்திசாலித்தனம். பணம் வழங்கும் யந்திரத்திலும் இதுவே விதி. ரூபாயிடம் பற்றுள்ளவன் இந்த ஓரிடத்தில் ரூபாயை மறுக்கத்தான் வேண்டும்.

ரூபாயையே கொண்டு செல்லத்தக்க தேசங்களும் இல்லாமலில்லை. பூட்டானில் நம் ரூபாய் அந்நாட்டு நாணயத்திற்குச் சமம். நேபாளத்தில் 1993 முதல் நம் 100 ரூபாய்க்கு அவர்களுடைய 160 ரூபாய் என்பது மாறாத கணக்கு. அங்கே செல்கிறவன் டாலர் வாங்கினால் இருமுறை வட்டம் கொடுத்தவனாவான். நம் ரூபாய் ஒரு காலத்தில் இன்னும் தூரம் சஞ்சரித்தது. பாரசீக வளைகுடா நாடுகளில் அதுவே வழங்கு நாணயமாயிருந்தது. 1959இல் ரிஸர்வ் பாங்கு அந்நாடுகளுக்கென்றே தனி நோட்டுகளை வெளியிட்டது. ஹஜ் யாத்திரிகர்களுக்கும் தனி நோட்டு அச்சாயிற்று. 1961இல் குவைத்தும், 1965இல் பஹ்ரேனும் தமக்கெனத் தனி நாணயம் வகுத்துக்கொண்டன. 1966ஆம் வருஷம் ஜூனில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டபின் எஞ்சியவர்களும் அதைக் கைவிட்டார்கள். இப்பொழுது யு.பி.ஐ. என்னும் கைப்பேசிச் செலுத்துமுறை பூட்டானிலும் நேபாளத்திலும், 2024 பிப்ரவரி முதல் இலங்கையிலும் மொரீஷியஸிலும் ஏற்கப்படுகிறது. சிங்கப்பூரிலுள்ளவர்க்குப் பணம் அனுப்ப 2023 பிப்ரவரியிலேயே வழி ஏற்பட்டது. இது பெருமைப்படத்தக்கதே. ஆயினும் கைப்பேசி காட்டும் விகிதத்தையும் ஒருமுறை கணக்கிட்டுப் பாராமல் விரலை வைத்துவிடக் கூடாது.

மலிவைத் தேடிக் கள்ளச் சந்தைக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அனுமதியில்லாத தரகர் ஒரு ரூபாய் குறைத்துத் தரலாம். பிடிபட்டால் சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்க 1999ஆம் வருஷச் சட்டத்தில் இடமிருக்கிறது. கள்ள நோட்டாயிருந்துவிட்டாலோ, அயல்தேசத்துப் போலீஸாருக்கு விடை சொல்ல வேண்டியவன் பிரயாணியே. தரகர் அங்கே சாட்சிக்கு வரமாட்டார். 50,000 ரூபாயும் அதற்கு மேலும் கொடுத்து வாங்குகிறவர்கள் பாங்கி மூலமாகவே செலுத்தி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். திரும்பி வந்தபின் 2,000 டாலர் வரையில் நோட்டாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதை 180 நாளைக்குள் ஒப்படைத்துவிட வேண்டுமென்பது விதி. மறுபடி பிரயாணம் போகிற உத்தேசமுள்ளவன், சொற்ப மீதியைக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டு, மறுமுறை அதிக விலைக்கு வாங்குவதில் அர்த்தமில்லை.

பிரயாணியின் கடமையை இவ்வளவு சொன்னோம். அதிகாரிகளின் கடமையைச் சொல்லாதிருப்பது நியாயமாகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் ஒரு சட்டம் செய்து, 2020 ஏப்ரல் 19 முதல் அமுலாக்கியது. அதன்படி அட்டையில் நாணயம் மாற்றுகிறவர், தம்முடைய விலை ஐரோப்பிய மத்திய பாங்கின் ஆதார விலையைவிட நூற்றுக்கு எவ்வளவு அதிகம் என்பதை வாடிக்கைக்காரர் சம்மதிக்கும் முன்பே காட்டியாக வேண்டும். விலைப்பட்டியலைச் சுவரில் மாட்டுவது ஒன்று. உன்னிடம் நான் எடுத்துக்கொள்ளும் வட்டம் இவ்வளவு என்று ஒப்புக்கொள்வது வேறு. முதலாவதைப் பார்த்துப் புரிந்துகொள்ளக் கணக்குத் தெரிய வேண்டும். இரண்டாவதற்கு எழுத்தறிவு போதும். நம் தேசத்தில் அனுமதி பெற்ற ஒவ்வொரு பாங்கியும் கடையும் கொடுக்கும் ரசீதில் அன்றைய ஆதார விலை, தாம் வைத்த விலை, இரண்டிற்குமுள்ள வித்தியாசம் மொத்தத்தில் எத்தனை ரூபாய் ஆகிய மூன்றையும், தமிழ்நாட்டில் தமிழிலேயே அச்சிட வேண்டுமென்று ரிஸர்வ் பாங்கு உத்தரவிட வேண்டும். வட்டத்திற்கு உச்சவரம்பு கட்டும்படி நாம் கேட்கவில்லை. வெளிச்சத்தில் வைக்கும்படி மாத்திரம் கேட்கிறோம். போட்டி மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

உபகாரச் சம்பளம் வழங்கும் இலாகாக்களுக்கும் ஒரு யோசனை. மாணவனைத் தேர்ந்தெடுத்து உத்தரவு அனுப்பும் அதே உறையில், செலாவணி வாங்கும் முறையை விளக்கும் தமிழ்ப் பத்திரம் ஒன்றைச் சேர்த்து அனுப்பலாம். செலவு ஒரு தாள். செம்மேட்டில் உள்ள பாங்கிக் கிளைகளிலும், குண்டூர் நாட்டுப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் அதன் பிரதி ஒன்று ஒட்டப்படுமாயின், முதன்முதலாக மலையிறங்கிப் போகும் பிள்ளை அதைப் படித்துவிட்டுத் திருச்சிக்குப் பஸ் ஏறுவான்.